விரிவுரையாளரின் மனக்களைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரில் பல்கலைக்கழகங்களிலும் தனியார் கல்லூரிகளிலும் பாடம் நடத்தும் நம்மவர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எப்படியும் இங்கே வந்து நிற்கும்: மாணவர்களின் அழுகை, பெற்றோரின் தொலைபேசி, மேலிடத்தின் புள்ளிக்கணக்கு, இத்தனைக்கும் நடுவே மாறாத சிரித்த முகம். பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடையிலும், கருத்தரங்கு இடைவேளைகளிலும், புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களிலும் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த ஐயங்களை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மனநல மருத்துவர் அல்ல. நானும் விரிவுரையாளர்தான், துறையில் மாணவர் ஆலோசனைப் பொறுப்பைப் பார்த்ததால் இளைய விரிவுரையாளர்கள் என்னிடம் கேட்கிறார்கள்.

"உணர்வு உழைப்பு"ன்னு சொல்றாங்களே, அப்படின்னா என்ன?

சம்பளத்துக்குச் செய்யும் வேலையில், உள்ளே என்ன ஓடினாலும் வேலைக்கு வேண்டிய முகத்தைக் காட்டுவதற்கு ஆகும் உழைப்பு. அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்‌ஷைல்ட் 1983-இல் இதைப் பெயரிட்டு விளக்கினார். அவர் கவனித்தது விமானப் பணிப்பெண்களையும் கடன் வசூலிப்பவர்களையும். எரிச்சல் வந்தாலும் முதலாமவர் சிரிக்க வேண்டும். பாவமாக இருந்தாலும் இரண்டாமவர் உறும வேண்டும்.

விரிவுரையாளருக்கு இந்த இரண்டும் ஒரே காலையில் வரும். ஒன்பது மணிக்கு இடுபணியைக் (அசைன்மென்ட்) காப்பியடித்தவனிடம் கறாராகப் பேசி, ஒன்பதரைக்கு அப்பாவைப் பறிகொடுத்த மாணவிக்கு ஆறுதல் சொல்லி, பத்து மணிக்கு எண்பது பேர் முன்னால் உற்சாகமாக நிற்க வேண்டும். ஹோக்‌ஷைல்ட் இதில் இரண்டு வகை பிரித்தார். முகத்தை மட்டும் மாற்றிக்கொள்வது மேல்நடிப்பு. மனத்தையே அந்த உணர்வின் பக்கம் திருப்பிக்கொள்வது உள்நடிப்பு. பின்னால் வரும் சில பதில்களுக்கு இந்தப் பிரிவு வேண்டும்.

வாரத்துக்குப் பத்து பன்னிரண்டு மணி நேரம்தான் கிளாஸ். அதுல என்ன களைப்பு?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் உறவினர்கள். அட்டவணையில் தெரிவது வகுப்பு நேரம் மட்டுமே. பாடத் தயாரிப்பு, திருத்தம், ஆய்வு, முதுகலை மாணவர் மேற்பார்வை, கூட்டம் என்று மீதி வேலைக்கெல்லாம் ஏதாவது ஒரு படிவத்தில் ஒரு கட்டமாவது உண்டு. கட்டமே இல்லாத வேலை, அறைக் கதவில் தலையை மட்டும் நீட்டி "மேடம், ரெண்டு நிமிஷம்" என்று தொடங்கும். அந்த ரெண்டு நிமிஷம் முக்கால் மணி நேரம் ஓடும். முதலில் இடுபணிக்குத் தவணை கேட்பார்கள். ஏன் என்றால் பகுதிநேர வேலை. ஏன் வேலை என்றால் அரசின் பிடிபிடிஎன் கல்விக் கடன் பணம் இன்னும் கைக்கு வரவில்லை, போன பருவம் வந்ததில் பாதியை வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. அப்புறம்தான் அழுகை. என் மேசையில் இருக்கும் டிஷ்யூ பெட்டி என் காசில் வாங்கியது. துறையின் எழுதுபொருள் பட்டியலில் அதற்கு இடமில்லை. அதிகம் செலவாகும் எழுதுபொருள் அதுதான்.

பதினான்கு வாரப் பருவத்தில் இது சீராகவும் வருவதில்லை. பருவ நடுத் தேர்வையொட்டி ஒரு கூட்டம் வரும். பன்னிரண்டாம் வாரம் எல்லாப் பாடத்து இடுபணியும் ஒன்றாகக் கழுத்தை நெரிக்கும்போது இன்னொரு கூட்டம். அந்த வாரங்களில்தான் நமக்கும் திருத்தம் குவிந்து கிடக்கும்.

சிரிச்ச முகமா இருக்கிறது நல்லதுதானே? அது எப்படி ஆளைச் சோர வைக்கும்?

மனத்தோடு வரும் சிரிப்பு சோர வைக்காது. மேல்நடிப்புதான் ஆளை இழுத்துவிடும். உணர்வை அமுக்கிப் பிடிக்கவும் வேண்டும், எதிரே நடப்பதைக் கவனிக்கவும் வேண்டும் என்றால் மனத்துக்கு இரட்டை வேலை. உணர்ச்சியை முகத்தில் காட்டாமல் அடக்கிக்கொண்டு ஒன்றைப் பார்ப்பவர்களுக்கு அதன் விவரங்கள் குறைவாகவே நினைவில் நிற்கின்றன என்று உளவியல் சோதனைகள் காட்டியிருக்கின்றன. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்த கூட்டத்தில் என்ன முடிவானது என்று மறுநாள் பக்கத்து அறையில் கேட்பது இதனால்தான்.

மேல்நடிப்பு கூடக் கூட மனக்களைப்பும் கூடுவதைப் பல நாட்டு ஆய்வுகள் கண்டிருக்கின்றன. உள்நடிப்புக்கு அந்தத் தொடர்பு அவ்வளவு வலுவாக இல்லை. உடனே "எல்லாரையும் மனமார நேசியுங்கள்" என்று பயிலரங்கு நடத்தக் கிளம்பிவிடுகிறார்கள். நூற்றிருபது பேர் படிக்கும் பாடத்தில் பெயர் தெரிந்துகொள்ளவே பருவம் முடிந்துவிடும்.

இது சாதாரண அலுப்பா, பர்ன் அவுட்டான்னு எப்படித் தெரிஞ்சிக்கிறது?

அலுப்பு என்றால் பருவ விடுமுறையில் நன்றாகத் தூங்கி எழுந்தால் போக வேண்டும். பர்ன் அவுட் எனப்படும் பணிச்சோர்வு அப்படிப் போகாது. உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் இதை வேலை சார்ந்த நிலை என்று சேர்த்திருக்கிறது. நோய் என்று வகைப்படுத்தவில்லை. மூன்று அடையாளம் சொல்கிறது: வற்றிப்போன களைப்பு, வேலையின் மேல் விலகலும் கசப்பும், நான் செய்வது எதுவும் உருப்படவில்லை என்ற எண்ணம்.

இரண்டாவதைத்தான் நம்மவர்கள் கவனிக்கத் தவறுகிறார்கள். களைப்பு உடம்பில் தெரியும். கசப்பு பேச்சில்தான் தெரியும். மாணவரைப் பெயர் சொல்லாமல் "அந்த அழுமூஞ்சி கேஸ்" என்று சொல்ல ஆரம்பித்தால், கதவு தட்டும் சத்தத்துக்கு விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கத் தோன்றினால், அது விடுமுறையில் தீர்கிற விஷயம் இல்லை. தூக்கம், பசி, எதிலும் பிடிப்பு எல்லாமே இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டுக் கிடந்தால் மனஅழுத்த நோயாகவும் இருக்கலாம், மருத்துவரைப் பாருங்கள். எங்கே போவது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

நம்ம பிள்ளைங்க எல்லாரும் என்கிட்டதான் வர்றாங்க. மாட்டேன்னு எப்படிச் சொல்றது?

இந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். ஒரு புலத்தில் தமிழ் பேசும் விரிவுரையாளர் ஒருவரோ இருவரோ இருந்தால், அங்குள்ள தமிழ் மாணவர் அத்தனை பேருக்கும் அவர்தான் அக்கா, அண்ணன். அவர் பாடமே நடத்தாத பிள்ளைகளும் வருவார்கள். பொங்கல் விழாவுக்கும் தீபாவளி ஒன்றுகூடலுக்கும் அவர்தான் மாணவர் கழக ஆலோசகர். தோட்டத்திலிருந்து வந்த அப்பா அம்மா பதிவு அலுவலகத்தில் திணறினால் மொழிபெயர்ப்பாளர். இந்திய மாணவர்களுக்குள் அடிதடி என்றால் பஞ்சாயத்து. துறைத்தலைவரும் நல்லெண்ணத்தோடுதான் "யூ ஹேண்டில் லா" என்று தள்ளிவிடுவார்.

உளவியலாளர் அமாடோ பாடில்யா 1994-இல் இதைப் "பண்பாட்டு வரி" என்றார். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் சிறுபான்மை இனத்துப் பேராசிரியர்கள்மேல், அந்த இனத்தவர் என்பதற்காகவே ஏறும் கூடுதல் வேலைகள், பதவி உயர்வின்போது கணக்கில் வராத வேலைகள். நம் ஊர் வரலாறு வேறு, வரி அதேதான். நாம் அதை மனமுவந்து கட்டுகிறோம் என்பதும் சேர்ந்துகொள்கிறது. எஸ்டிபிஎம் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வு) முடித்து வந்து விழித்துக்கொண்டு நின்றபோது நமக்கும் யாரோ ஒருவர் வழிகாட்டியிருப்பார். அதனால் "மாட்டேன்" வாயில் வராது.

வர வேண்டியதும் இல்லை. நேரத்தைச் சொல்லுங்கள்: "வியாழக்கிழமை மூணுலேருந்து அஞ்சு வரைக்கும் இருப்பேன், அப்போ வாப்பா." கேட்பதோடு நம் பங்கு முடிகிறது, கடனுக்கும் விடுதிக்கும் மருத்துவத்துக்கும் ஆள்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் பெயர் சொல்லி அனுப்புங்கள். "அந்த ஆபீசருக்குத் தமிழ் தெரியாதே" என்பார்கள். பல்கலைக்கழகம் வரை வந்த பிள்ளைக்கு மலாய் தெரியும், பயம்தான் தடுக்கிறது. முதல் தடவை கூடவே நடந்துபோய் அறிமுகம் செய்துவிடுங்கள். அடுத்த தடவை தானே போகட்டும். விழாக் குழுவையும் மொழிபெயர்ப்பையும் பொறுத்தவரை, வாய்வார்த்தையாக வந்தால் "ஒரு மின்னஞ்சல் போட்டுடுங்க" என்று கேளுங்கள். எழுத்தில் கேட்க வேண்டும் என்றதும் பாதிக் கோரிக்கை காணாமல் போகும்.

ராத்திரி பதினோரு மணிக்குப் புலனத்துல வருது. பதில் போடலைன்னா தப்பா?

தப்பில்லை. 2020 மார்ச் 18 அன்று கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது வகுப்பு மொத்தமும் கைப்பேசிக்குள் வந்தது. கட்டுப்பாடு போனது, பழக்கம் தங்கிவிட்டது. முதல் வாரமே குழுவில் எழுதிவிடுங்கள்: எத்தனை மணிக்கு மேல் பதில் வராது, இடுபணிச் சந்தேகம் எந்தத் தளத்தில், உயிர் போகிற அவசரம் என்றால் யாரை அழைப்பது என்று. எழுதிவிட்டு நீங்களே நள்ளிரவில் பதில் போட்டால் அந்த விதி அன்றோடு செத்தது. தூக்கம் வராமல் பதில் எழுதினால் காலை எட்டு மணிக்குப் போகும்படி நேரம் குறித்து வையுங்கள்.

மாணவர் ஒருத்தர் "செத்துடலாம் போல இருக்கு"ன்னு சொன்னா நான் என்ன செய்யணும்?

மேலே சொன்ன நேர வரம்பு எதுவும் இதற்குப் பொருந்தாது. நேராகக் கேளுங்கள்: "தற்கொலை செஞ்சிக்கிற எண்ணம் இருக்கா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, பேச வழி கிடைக்கும். தனியே விடாதீர்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள். கூடவே இருந்துகொண்டு பல்கலைக்கழக ஆலோசகரை அழையுங்கள். உடனடி ஆபத்து என்றால் 999 அல்லது அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவு. மனம்விட்டுப் பேச உதவும் தொலைபேசிச் சேவையான பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929 இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகிறது. சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் ஹீல் 15555, அரசின் இன்னோர் உதவி எண் தாலியான் காசே 15999.

"போலீஸ் கேஸ் ஆகிடுமா?" என்று பலர் பயந்து மறைக்கிறார்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. மாணவருக்கும் குடும்பத்துக்கும் இதைச் சொல்லுங்கள். அப்படிப்பட்ட ஒரு நாளுக்கு அப்புறம் நீங்கள் நேராக வகுப்புக்குப் போக வேண்டியதில்லை. வகுப்பைத் தள்ளி வையுங்கள், யாரிடமாவது பேசுங்கள். மேலே கொடுத்த எண்கள் விரிவுரையாளருக்கும் உரியவைதான்.

அப்பா அம்மா போன் பண்ணி மகளோட மார்க்கைக் கேட்கிறாங்க. சொல்லலாமா?

மலேசியாவில் 18 வயதில் ஒருவர் முழு வயதாகிறார். மதிப்பெண் மகளுடையது. "அவங்களையே கேட்கச் சொல்றேன் ஐயா, வேணும்னா மூணு பேரும் சேர்ந்து உட்கார்ந்து பேசலாம்" என்றால் மரியாதையும் கெடாது. குழந்தையை நம்பி ஒப்படைத்த ஆசிரியர் என்ற நினைப்பில்தான் அவர்கள் அழைக்கிறார்கள், வம்புக்கு அல்ல. ஆனாலும் சொந்தக் கைப்பேசி எண்ணைக் கொடுக்காதீர்கள்.

பெண் விரிவுரையாளர்கிட்ட மட்டும் அம்மா மாதிரி இருக்கணும்னு எதிர்பார்க்கிறாங்களே, இது என் பிரமையா?

பிரமை இல்லை. 2015-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் இணையவழிப் பாடம் ஒன்றை ஓர் ஆணும் ஒரு பெண்ணும் நடத்தினார்கள். மாணவர்கள் அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை. ஒவ்வொருவரும் ஒரு பிரிவுக்குத் தம் பெயரிலும் இன்னொரு பிரிவுக்கு மற்றவர் பெயரிலும் பாடம் நடத்தினார்கள். உண்மையில் யார் நடத்தினாலும், ஆண் பெயர் இருந்த பிரிவுகளில் மதிப்பீடு கூடுதலாக வந்தது. வீட்டுப்பாடத்தை எவ்வளவு சீக்கிரம் திருப்பித் தந்தார் என்ற கேள்வியில்கூட வேறுபாடு. திருப்பித் தந்த நேரமோ இருவருக்கும் ஒன்றுதான். சின்ன ஆய்வுதான், ஆனால் படித்தபோது நம் ஊழியர் அறையில் யாருக்கும் வியப்பாக இல்லை.

பருவ முடிவு மதிப்பீட்டில் "கடுமையானவர்" என்று ஓர் ஆணுக்கு வந்தால் கண்டிப்பு, பெண்ணுக்கு வந்தால் குறை. ஆகவே பெண்கள் அந்தப் புள்ளிக்காகக் கூடுதலாகச் சிரிக்கிறார்கள். மேல்நடிப்பு என்று முதலில் சொன்னேனே, அதுவேதான். துறைக் கூட்டத்தில் இந்தப் பேச்சை ஆண்கள் எடுத்தால் காதில் விழுகிறது. பெண் எடுத்தால் "சென்சிடிவ்" என்கிறார்கள். எனவே, தம்பிகளே, நீங்கள் எடுங்கள்.

இதையெல்லாம் கேபிஐ-ல (வருஷ வேலை மதிப்பீட்டுல) காட்ட முடியுமா? காட்டினா சிரிப்பாங்களோ?

"மாணவர்களுக்கு ஆறுதல் சொன்னேன்" என்று எழுதினால் சிரிப்பார்கள். "கல்வி ஆலோசனை, மாணவர் எண்ணிக்கை இவ்வளவு, பரிந்துரைத்து அனுப்பியது இவ்வளவு" என்று எழுதினால் யாரும் சிரிக்க முடியாது. ஆண்டுத் தொடக்கத்தில் வேலை இலக்கு எழுதும்போதே ஆலோசனை, மாணவர் கழகப் பொறுப்பு, மொழி உதவி ஆகியவற்றைத் தனித்தனி வரியாகப் போடுங்கள். ஆண்டு முடிவில் புதிதாகக் கேட்டால் கிடைக்காது. மாணவர் பெயர் வேண்டாம். தேதி, நேரம், எதைப் பற்றி என்று ஒரு வரி போதும்.

புள்ளி கிடைக்குமா? ஆய்வுக் கட்டுரைக்குக் கிடைப்பதுபோல் கிடைக்காது. ஸ்கோப்பஸ் என்ற ஆய்விதழ்ப் பட்டியலில் ஏறிய கட்டுரைதான் பதவி உயர்வுக்கு ராஜா, அதில் மயக்கம் வேண்டாம். ஆனால் அடுத்த முறை "யூ ஹேண்டில் லா" என்று ஒரு வேலை வரும்போது, ஏற்கெனவே எவ்வளவு சுமக்கிறீர்கள் என்பது ஒரு தாளில் இருக்கும்.

நான் பார்ட் டைம். மணிக்கு இவ்வளவுன்னுதான் சம்பளம். எனக்கு இதெல்லாம் பொருந்துமா?

உங்களுக்குத்தான் அதிகம் பொருந்தும். வகுப்பு மணிக்குத்தான் காசு. தாழ்வாரத்தில் நின்று பேசிய முக்கால் மணிக்கு ஒரு காசும் இல்லை. மறுஒப்பந்தம் மாணவர் மதிப்பீட்டைப் பொறுத்தது என்பதால் சிரிப்பையும் குறைக்க முடியாது. பகுதிநேர விரிவுரையாளரிடம் மாணவர் ஆலோசனையை ஒப்படைப்பது நியாயமே இல்லை என்பது என் கருத்து. துறையின் முழுநேர ஆலோசகர் யார் என்று முதல் நாளே கேட்டு, அவர் பெயரைப் பாடத்திட்டத் தாளின் முதல் பக்கத்தில் போட்டுவிடுங்கள்.

கவுன்சிலர்கிட்ட போனா மேலிடத்துக்குத் தெரிஞ்சிடுமே?

மலேசியாவில் ஆலோசகராகத் தொழில் செய்ய 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு பெற்றவர் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றால்தான் விலக்கு. முதல் சந்திப்பிலேயே "எதை யாரிடம் சொல்வீர்கள்?" என்று கேட்கலாம். நல்ல ஆலோசகர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சரி, அப்படியும் மனம் ஒப்பவில்லை, மாடிப்படியில் மாணவர் யாராவது பார்த்துவிடுவார் என்று கூச்சம். வெளியே போங்கள். அரசு சுகாதார நிலையங்களில் மனநலச் சோதனைக் கேள்வித்தாள் கொடுத்துப் பார்க்கிறார்கள், தேவைப்பட்டால் நிபுணரிடம் அனுப்புவார்கள். தமிழில் பேசினால்தான் மனம் திறக்கும் என்பவர்கள் சந்திப்பு கேட்கும்போதே அதைச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் வேலை, மலாயில் கூட்டம் என்று நாளெல்லாம் ஓடுகிறவருக்கு அழுகை இன்னும் தமிழில்தான் வருகிறது.

யோகா வகுப்பு, நலவாழ்வு வாரம் இதெல்லாம் உதவுமா?

யோகா முதுகுக்கு நல்லது. பன்னிரண்டாம் வாரத்தில், மதிய உணவு நேரத்தில், வருகைப் பதிவோடு வைத்தால் அதுவும் ஒரு வேலை.

சட்டப்படி பல்கலைக்கழகத்துக்கு இதுல பொறுப்பு ஏதாவது உண்டா?

உண்டு. 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி ஊழியரின் பாதுகாப்பு, சுகாதாரம், நலன் ஆகியவற்றை இயன்றவரை உறுதிசெய்வது முதலாளியின் கடமை. அதன் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. மனவழி இடர்களை மதிப்பிடுவதற்கென்றே டோஷ் எனப்படும் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை 2024-இல் ஒரு வழிகாட்டியும் வெளியிட்டது. நாற்பது பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு, சுகாதாரக் குழு கட்டாயம். அந்தக் குழு வழுக்கும் தரையையும் தீயணைப்பானையும் மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும். மாணவர் ஆலோசனைச் சுமையையும் அதன் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லலாம்.

தனியார் கல்லூரியில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தப்படி நெகிழ்வான வேலை ஏற்பாட்டுக்கு எழுத்தில் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். அரசுப் பல்கலைக்கழகத்தாருக்குப் பொதுச்சேவை விதிமுறைகள் தனி. பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள்.

"எங்க காலத்துல இதெல்லாம் இல்லையே"ன்னு ஓய்வு பெற்றவங்க சொல்றாங்களே?

அவர்கள் பொய் சொல்லவில்லை. 1970-இல் நாட்டில் இருந்த பல்கலைக்கழகங்களே மூன்று: மலாயாப் பல்கலைக்கழகம், பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகம், அந்த ஆண்டு தொடங்கிய தேசியப் பல்கலைக்கழகம். இன்று அரசுப் பல்கலைக்கழகங்கள் மட்டும் 20. 1996-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு பெருகிய தனியார் கல்வி நிலையங்கள் தனி. அன்று வந்தவர்கள் எண்ணிக்கையில் கொஞ்சம். இன்று குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்கு வரும் பிள்ளைகள் ஏராளம். அவர்கள் வருவது நல்லது. அவர்களோடு வரும் கவலைகளைக் கேட்க ஆள் சேர்க்காமல், இருக்கிற விரிவுரையாளரின் காதையே நீட்டியதுதான் கோளாறு. அப்புறம், பெரியவரிடம் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். அந்தக் காலத்திலும் அவர் வீட்டுக்கு மாணவர்கள் வந்தார்கள், காப்பி போட்டுக் கொடுத்து உட்கார்ந்து கதை கேட்டவர் அவர் மனைவி.

நான் துறைத்தலைவர். கையில காசும் இல்லை, ஆளும் இல்லை. என்னதான் செய்ய முடியும்?

அடுத்த பருவத்துக்கு வேலை பிரிக்கும் கூட்டத்தில் பாடநேரப் பட்டியலுக்குப் பக்கத்தில் இன்னொரு பட்டியலை வையுங்கள்: யாருக்கு எத்தனை ஆலோசனை மாணவர்கள், யார் எந்த மாணவர் கழகத்துக்குப் பொறுப்பு, போன பருவம் யார் யாரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். அந்தப் பட்டியலில் இரண்டு பெயர் மட்டும் திரும்பத் திரும்ப வரும். அந்த இருவருக்கு ஒரு பாடப் பிரிவைக் குறைக்க உங்களுக்கு அதிகாரம் இருக்கிறது, அதற்குக் காசு வேண்டாம். "நம்ம பிள்ளைங்க" பதிலில் சொன்ன வேலைகளை மற்ற இனத்து விரிவுரையாளர்களுக்கும் பிரித்துக் கொடுங்கள். தீபாவளி ஒன்றுகூடலுக்கு மலாய்க்காரரோ சீனரோ ஆலோசகராக இருந்தால் முறுக்கு குறைந்துவிடாது.

அதோடு, டிஷ்யூ பெட்டியை எழுதுபொருள் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.